தேடல் இல்லாத வேட்டை

நிலநடுக்கோட்டுக்கு அருகே, எந்தக் கரையிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடலைப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது. மேலே வெயில், கீழே மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். மீன்கள் இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்பதுதான் தெரியாது. அந்த வெட்டவெளியில் ஒரு மரக்கட்டையைப் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வந்து கீழே எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு ஊரே குடியேறியிருக்கும்.

கட்டையின் அடிப்பக்கத்தில் முதலில் கொட்டலசுகள் ஒட்டும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, கட்டையை விட்டு ஒரு முழம்கூட விலகாமல், கிளாத்தி போன்ற சிறு மீன்கள் சுற்றும். இன்னும் சற்று வெளியே மாஹி மாஹிகள் பச்சையும் தங்கமுமாக மின்னியபடி வட்டமிடும். அதற்கும் கீழே இளம் சுறாக்கள். எல்லாவற்றுக்கும் வெளி வளையத்தில், சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் தொலைவு வரை போவதும் வருவதுமாகச் சூரை (டூனா) மீன் கூட்டங்கள் இருக்கும்.

மீனவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. பிலிப்பைன்ஸில் மூங்கில் தெப்பத்தைக் கடலடியில் நங்கூரமிட்டு நிறுத்தி அதைப் பயாவோ என்கிறார்கள். இந்தோனேசியாவில் அதன் பெயர் ரும்போன். மால்டா தீவில் மாஹி மாஹி பிடிப்பதற்குப் பனை ஓலைகளைக் கட்டி மிதக்கவிடும் வழக்கம் பல தலைமுறையாக உண்டு. மாலத்தீவு அரசு 1980களிலிருந்து நங்கூர மிதவைகளை நட்டுவருகிறது. அங்கே மீனவர்கள் கம்புத் தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத் தூக்குகிறார்கள். இவை எல்லாமே ஒரே இடத்தில் நிற்பவை. படகு அங்கே போகும், பிடிக்கும், திரும்பும்.

இந்தக் கட்டுரை பேசப்போவது நிற்காத மிதவைகளைப் பற்றி. நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் அலைந்துகொண்டே, தன் கீழே என்ன இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் மிதவைகள். மீன்பிடி உலகில் இவற்றை ஃபேட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாம் மிதவை என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, சூரை மீன் ஏன் ஒரு கட்டையைத் தேடி வர வேண்டும்? நிழலுக்காக என்று பலரும் சொல்வார்கள். சின்ன மீனுக்கு அது பொருந்தும். ஒளிந்துகொள்ள வேறு இடமே இல்லாத கடலில் ஒரு பலகை இருந்தால்கூடப் போதும். சூரை விஷயத்தில் இது எடுபடாது. கட்டையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி நீந்தும் மீனுக்கு அதன் நிழலால் என்ன பயன்? சாப்பாட்டுக்காகவும் இல்லை. மிதவைக்கு அடியில் பிடிபடும் வரிச்சூரை என்ற சூரை இனத்து மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலான வயிறுகள் காலியாக இருந்தன.

ஆய்வாளர்கள் நெடுநாளாக விவாதிக்கும் கருத்துகள் இரண்டு. முதலாவது, கட்டை ஓர் அடையாளக் குறி என்பது. இயற்கையில் மரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலில் சேர்கின்றன. பிறகு நீரோட்டங்கள் ஒன்றோடொன்று மோதும் கோடுகளில் போய்த் தேங்குகின்றன. ஆற்று நீரும் அந்த மோதல் கோடுகளும், மீன்களின் இரைக்கு அடிப்படையான நுண்ணுயிர்கள் செழிக்கும் இடங்கள். ஆகவே கட்டையோடு ஒட்டிப் போகும் மீன் வளமான தண்ணீரிலேயே இருக்கும் வாய்ப்பு அதிகம். கட்டைக்கு அருகே இருக்க வேண்டும் என்ற உந்துதல் கொண்ட மீன்கள் பிழைத்துப் பெருகின. தலைமுறை தலைமுறையாக அந்த உந்துதல் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, கட்டை ஒரு சந்திப்பு இடம் என்பது. சூரை கூட்டமாக வாழும் மீன். இரை தேடும்போது கூட்டம் சிதறும். சிதறியவை எப்படி மறுபடி சேரும்? அடையாளமே இல்லாத கடலில் ஒரு கட்டைதான் தெருமுனை. தனித்தனியாக வரும் மீன்கள் அங்கே ஒன்றையொன்று கண்டுகொண்டு பெரிய கூட்டமாகக் கிளம்புகின்றன. சூரைகள் ஒரு மிதவையில் வழக்கமாகச் சில நாட்களே தங்குகின்றன, பிறகு போய்விடுகின்றன என்று மீன்களின் உடலில் ஒலி அனுப்பும் குறிகளைப் பொருத்தி ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அது இந்தக் கருத்துக்கு ஒத்துவருகிறது. இரண்டில் ஒன்று சரியென்றால் மற்றது தவறாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

எவ்வளவு தூரத்திலிருந்து அவை கட்டையை உணர்கின்றன என்பதில் கொஞ்சம் தெளிவு உண்டு. நங்கூர மிதவைகளைச் சுற்றி மஞ்சள் துடுப்புச் சூரைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே அவை மிதவையை நோக்கி நேர்கோட்டில் திரும்பின. கண்ணுக்குத் தெரியும் தூரம் இல்லை அது. கட்டையைச் சுற்றியுள்ள சிறு மீன்களின் சத்தம் வழிகாட்டியிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

எப்படி உணர்ந்தாலும் ஒன்று நிச்சயம். இந்த உந்துதல் உருவான காலத்தில் கட்டைகள் அரிதாக இருந்தன. கட்டை கண்ணில் பட்டால் அதற்குப் பொருள் இருந்தது.

இப்போது நம் மிதவைக்கு வருவோம். பார்ப்பதற்குப் படு சாதாரணம். மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரண்டு மூன்று மீட்டர் தெப்பம்; மிதப்பதற்குக் கூடவே சில பிளாஸ்டிக் மிதப்புகள்; மேலே கறுப்பு வலை அல்லது துணி. கீழே ஒரு நீண்ட வால் தொங்கும். 50 மீட்டர், சில கடல்களில் 80 அல்லது 100 மீட்டர்கூட. பழைய மீன்பிடி வலையை வெட்டித்தான் பெரும்பாலும் இந்த வாலைச் செய்துவந்தார்கள். வால் மிதவையின் வேகத்தைக் குறைக்கிறது, காற்றோடு ஓடாமல் ஆழத்து நீரோட்டத்தோடு போகவைக்கிறது. மெதுவாகப் போகும் மிதவையில்தான் மீன் சேரும் என்பது கப்பல் தலைவர்களின் உறுதியான நம்பிக்கை.

தெப்பத்தின் பக்கத்தில் கயிற்றில் கட்டி மிதக்கும் உருண்டையான கருவிதான் விலை உயர்ந்த பகுதி. 1980களில் அது வெறும் வானொலி அலை அனுப்பும் பெட்டி. கப்பல் அருகில் வந்து தேட வேண்டும். 1990களின் இறுதியில் ஜிபிஎஸ் வந்தது. 2000களில் எதிரொலிமானி சேர்ந்தது. இன்று சூரிய ஒளியில் இயங்கும் இந்தக் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கீழே எத்தனை டன் மீன் இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கும் மிதவை இருக்கும் இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலின் திரைக்குப் போகும். கப்பல் தலைவர் காலையில் தேநீர் குடித்தபடி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் சிதறிக்கிடக்கும் தன் மிதவைகளில் எதற்குக் கீழே மீன் கூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

எதிரொலியிலேயே ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. மீனிலிருந்து ஒலி திரும்புவதற்குப் பெரும் காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. வரிச்சூரைக்குக் காற்றுப்பையே கிடையாது. பெருங்கண் சூரைக்கு உண்டு. அதனால் குறைந்த அதிர்வெண் ஒலியில் பெருங்கண் சூரை பலமாக எதிரொலிக்கும். அதிர்வெண்ணைக் கூட்டினால் வரிச்சூரை தெளிவாகத் தெரியும். இரண்டு மூன்று அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் கேட்டால், வலையைப் போடுவதற்கு முன்பே எந்த இனம் எவ்வளவு என்று ஓரளவு ஊகித்துவிடலாம். இது ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

வலை போடுவது பெரும்பாலும் விடிவதற்குச் சற்று முன். அந்த நேரத்தில் மீன்கள் மிதவையை நெருங்கி அடர்ந்திருக்கும். சுருக்குமடி வலை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நீளம், இருநூறு மீட்டருக்கு மேல் ஆழம். ஒரு சிறு படகு வலையின் ஒரு முனையைப் பிடித்து நிற்க, கப்பல் மிதவையைச் சுற்றி வட்டமடித்து வலையை இறக்கும். பிறகு அடிப்பக்கக் கம்பியை இழுத்தால் வலையின் அடிவாய் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது எல்லாம் உள்ளேதான்.

மிதவை இல்லாமல் தனியாகத் திரியும் கூட்டத்தைத் துரத்திப் பிடிக்கும்போது ஏறத்தாழ இரண்டுக்கு ஒரு முறை வலை வெறுமையாக வரும். சூரை வேகமான மீன். வட்டம் மூடுவதற்குள் அடியில் பாய்ந்து தப்பிவிடும். மிதவையில் போடும் வலை பத்தில் ஒன்பது முறை நிறைந்தே வரும். கப்பல் நடத்துபவருக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும். எரிபொருள், நேரம், ஆட்கள் எல்லாமே மிச்சம். இன்று உலகம் ஆண்டுக்குப் பிடிக்கும் ஏறத்தாழ 50 லட்சம் டன் சூரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக மிதவைகளின் கீழிருந்து வருகிறது. டப்பாவில் அடைத்து விற்கப்படும் மீனில் வரிச்சூரைதான் அதிகம்.

இந்த முறை பெருகியதற்குப் பின்னால் ஒரு முரணான கதையும் உண்டு. கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்புச் சூரைகள் டால்பின்களோடு சேர்ந்து நீந்தும். மேலே துள்ளும் டால்பின்களைக் கண்டு அவற்றைச் சுற்றியே சுருக்குமடியைப் போட்டார்கள். 1960களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டால்பின்கள் வலையில் சிக்கிச் செத்தன. அமெரிக்காவில் 1972ல் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990ல் அங்குள்ள பெரிய டப்பா நிறுவனங்கள் டால்பின்களைச் சுற்றிப் பிடித்த மீனை வாங்க மாட்டோம் என்று அறிவித்தன. நல்ல முடிவுதான். ஆனால் கப்பல்கள் மீன்பிடிப்பை விட்டுவிடவில்லை. பல கப்பல்கள் மிதவைக்கு மாறின. 1990களின் நடுவில் அந்தக் கடலில் சுருக்குமடிக் கப்பல்கள் பிடித்த பெருங்கண் சூரையின் அளவு திடீரென்று எகிறியது. டால்பின் வலையில் வருபவை பெரிய, முதிர்ந்த மஞ்சள் துடுப்புச் சூரைகள், கூடவே டால்பின். மிதவை வலையில் டால்பின் அநேகமாக வராது. குட்டிச் சூரை, சுறா, மாஹி மாஹி என்று மற்ற எல்லாமே வரும். டால்பினுக்குத் தீங்கில்லை என்று டப்பாவின் மேல் ஒட்டியிருந்த டால்பின் படத்துக்குள் இந்த விவரம் அடங்கவில்லை.

குட்டிச் சூரைக்கு வருவோம். மிதவையின் கீழே சேரும் சூரைகள் மூன்று இனம். பெரும்பான்மை வரிச்சூரை. அது ஒன்றரை வயதுக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும், வெப்பக்கடல்களில் ஆண்டு முழுவதும் முட்டையிடும். நிறையப் பிடித்தாலும் ஈடுகொடுக்கும் இனம் என்று சொல்லலாம். இதுவரையான மதிப்பீடுகளில் உலகில் எங்குமே வரிச்சூரை இருப்பு மோசமாகக் குலைந்துவிடவில்லை. சிக்கல், அதோடு கூடவே நிற்கும் பெருங்கண், மஞ்சள் துடுப்பு என்ற மற்ற இரண்டு இனங்களில்.

பெருங்கண் சூரை முதிர்வதற்கு மூன்று ஆண்டாவது ஆகும். அப்போது நீளம் ஒரு மீட்டரை எட்டும். வளர்ந்தது பகலில் 300 முதல் 500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, குளிர்ந்த இருட்டில் இரை தேடும். சுருக்குமடிக்கு எட்டாத ஆழம் அது. இளசாக இருக்கும்போது மட்டும் மேல்நீரில் வரிச்சூரைகளோடு கலந்து, அதே அளவில், மிதவையைச் சுற்றி நிற்கும். சராசரியாக அரை மீட்டர் நீளம், சில கிலோ எடை. வலைக்கு இனம் பிரிக்கத் தெரியாது. கப்பலில் கொட்டிய பிறகும் குட்டிப் பெருங்கண்ணையும் குட்டி மஞ்சள் துடுப்பையும் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். பிடிப்புக் கணக்குகளில் பல ஆண்டுகள் இரண்டும் குழம்பிக் கிடந்ததற்கு இதுவும் காரணம்.

அதே மீன் நான்கைந்து ஆண்டு வளர்ந்து ஆழத்தில் நீளக்கயிற்றுத் தூண்டிலில் மாட்டினால் ஐம்பது கிலோவைத் தாண்டும், மீனைச் சமைக்காமல் உண்ணும் ஜப்பானிய சஷிமி சந்தையில் பல மடங்கு விலை போகும். அதற்கு முன் பலமுறை முட்டையிட்டிருக்கும். மூன்று கிலோவிலேயே பிடித்து டப்பாவில் போட்டால் இரண்டும் இல்லை. தூண்டில் கப்பல்களுக்கும் சுருக்குமடிக் கப்பல்களுக்கும் ஓயாமல் நடக்கும் சண்டையின் வேர் இங்கேதான். அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் பெருங்கண் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருப்பதாக முறையே 2021, 2022ல் மதிப்பீடுகள் வந்தன. மேற்குப் பசிபிக்கில் நிலைமை தேவலாம். பழியை முழுவதும் மிதவை மேல் போட முடியாது, தூண்டில் கப்பல்களும் நிறையவே பிடிக்கின்றன. ஆனால் முட்டையிடும் முன்பே பிடிபடுவதில் பெரும் பங்கு மிதவைக்கு. மேலே சொன்ன எதிரொலி வித்தைக்கு மதிப்பு இங்கேதான்: கீழே இருப்பது பாதிக்குப் பாதி குட்டிப் பெருங்கண் என்று முன்பே தெரிந்தால், அந்த மிதவையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தெரிந்தும் போடுபவரை எதிரொலிமானி தடுக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

சூரை அல்லாத உயிர்களும் வலையில் வருகின்றன. மிதவை வலையில் நூறு டன் பிடித்தால் அதில் சில டன் இப்படிப்பட்டவை. தனிக்கூட்ட வலையில் அது ஒரு டன் அளவில்தான் இருக்கும். விகிதமாகப் பார்த்தால் இறால் இழுவலைக்கு முன் இது ஒன்றுமே இல்லை. கிளாத்தியும் மாஹி மாஹியும் வேகமாகப் பெருகும் மீன்கள் என்பதால் அவற்றைப் பற்றிப் பெரிய கவலை எழவில்லை. கவலை சுறாவைப் பற்றியது.

மிதவை வலையில் வரும் சுறாக்களில் பத்தில் ஒன்பது ஒரே இனம்: பட்டுச் சுறா. தோல் வழவழப்பாக இருப்பதால் இந்தப் பெயர். இளம் பட்டுச் சுறாக்களுக்கு மிதக்கும் பொருள் என்றால் உயிர்; சூரையைவிட அதிக நாள் அங்கே தங்கும். முதிர்வதற்குப் பல ஆண்டுகள், ஒரு ஈற்றில் சில குட்டிகள் என்று மெதுவாகப் பெருகும் இனம். வலையில் சூரையோடு நசுங்கி, பெரிய அகப்பை வலையால் அள்ளப்பட்டு, தளத்தில் கொட்டப்பட்ட சுறாவை உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இந்தியப் பெருங்கடலில் நடந்த ஓர் ஆய்வு, வலையில் வந்த பட்டுச் சுறாக்களில் 81 சதவீதம் இறந்துபோவதாகக் கணக்கிட்டது. தளத்துக்கு வருவதற்கு முன்பே, வலைக்குள் நீந்திக்கொண்டிருக்கும்போதே வெளியே விட்டால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

இது கண்ணுக்குத் தெரிந்த சாவு. தெரியாத சாவு ஒன்று இருந்தது. சுறாக்களின் உடலில் செயற்கைக்கோள் குறி பொருத்திய ஆய்வாளர்கள், சில குறிகள் விநோதமான தகவல் அனுப்புவதைக் கவனித்தார்கள். மிதவையின் வால் தொங்கும் ஆழத்திலேயே சுறா அசையாமல் நிற்கிறது. பிறகு ஒரேயடியாகக் கடலடியை நோக்கி இறங்குகிறது. வாலில் தொங்கிய பழைய வலைக் கண்ணிகளில் செவுள் மாட்டிச் சுறாக்கள் செத்துக்கொண்டிருந்தன. உடல் ஓரிரு நாளில் கழன்று விழுந்துவிடும் என்பதால், கப்பல் வந்து மிதவையைத் தூக்கிப் பார்க்கும்போது தடயமே இருக்காது. முக்குளித்து மிதவைகளுக்குக் கீழே எண்ணியும் பார்த்து, 2013ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: இந்தியப் பெருங்கடலில் மட்டும் ஆண்டுக்கு 4,80,000 முதல் 9,60,000 பட்டுச் சுறாக்கள். அதுவரை தெரிந்திருந்த சுருக்குமடி வலைச் சாவைவிட 5 முதல் 10 மடங்கு. யாரும் பிடிக்க நினைக்காத, பிடித்ததாகவே தெரியாத மீன்கள்!

அந்த ஆய்வு வந்த பிறகு மாற்றம் வேகமாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் வலையை இறுக்கிச் சுருட்டிக் கயிறு போலக் கட்டினார்கள். சுருள் அவிழ்ந்தால் மறுபடி பொறிதான். அதனால் பிறகு வலையே கூடாது என்ற விதி வந்தது. மேற்கு, மத்தியப் பசிபிக்கின் மீன்வள ஆணையம் 2024 தொடக்கம் முதல் மிதவையின் எந்தப் பகுதியிலும் கண்ணி வலை இருக்கக் கூடாது என்கிறது. மிதவையால் வரும் தீங்குகளில் சுலபமாகத் தீர்க்கக்கூடியது இது ஒன்றுதான் என்பேன். வாலுக்கு வலைதான் வேண்டும் என்று மீன் கேட்கவில்லையே, கயிறு போதும்.

இனி, ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். கட்டை நல்ல தண்ணீருக்கு அடையாளம் என்று மீனின் உள்ளுணர்வு சொல்கிறது. மனிதர்கள் அந்தக் கட்டையை லட்சக்கணக்கில் செய்து, தங்களுக்கு வசதியான இடங்களில் போட்டால் என்ன ஆகும்? 2007 முதல் 2021 வரை ஏறத்தாழ 14 லட்சம் மிதவைக் கருவிகள் கடலில் விடப்பட்டதாகவும், அவை உலகக் கடல் பரப்பில் 37 சதவீதத்தைக் கடந்து அலைந்ததாகவும் 2025ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் மிதக்கும் பொருட்களின் எண்ணிக்கை குறைந்தது இரண்டு மடங்காகியிருக்கிறது. இயற்கைக் கட்டைகள் குறைவாக இருந்த சோமாலியா பக்கம் அதைவிடப் பல மடங்கு. அங்கே மீன் சந்திக்கும் கட்டை, ஆறு அனுப்பியதாக இருப்பதே அபூர்வம்.

இதைச் சூழலியல் பொறி என்று 2000ல் சில ஆய்வாளர்கள் அழைத்தார்கள். மீன் தவறான குறியை நம்பி, இரை இல்லாத தண்ணீருக்கு மிதவையோடு இழுத்துச் செல்லப்படும், மெலியும், வலசைப் பாதையே மாறும் என்பது அந்தக் கருத்து. 2008ல் வந்த ஓர் ஆய்வு, மிதவையில் பிடித்த சூரைகள் தனிக்கூட்டச் சூரைகளைவிட மெலிந்தவை, வயிறு காலியானவை என்று காட்டியபோது பொறி உறுதியாகிவிட்டது போலத் தோன்றியது.

ஆனால் மெலிந்த மீன்தான் கட்டையைத் தேடி வருகிறதா, கட்டையில் தங்கியதால் மெலிகிறதா? இயற்கைக் கட்டைகள் நிறைந்த மொசாம்பிக் கால்வாயில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மனிதன் போட்ட மிதவை அருகில் இல்லாமலேயே கட்டையோடு இருந்த வரிச்சூரைகள் மெலிந்துதான் இருந்தன. அதாவது கட்டைச் சூரை எப்போதுமே அப்படித்தான் போலும். 2023ல் இன்னொரு ஆய்வு, இந்தியப் பெருங்கடலில் 1987 முதல் 2019 வரை பிடித்த மஞ்சள் துடுப்புச் சூரைகளின் உடல்நிலையை வரிசையாக வைத்துப் பார்த்தது. இந்த முப்பது ஆண்டுகளில் மிதவைகள் பல மடங்கு பெருகின. மீன்கள் மெலிந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. பொறி என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிவிடத் தோன்றுகிறது; எனக்கும் தோன்றியது. சான்று இன்னும் அந்தப் பக்கம் சாயவில்லை.

மிதவை மீனை ஏமாற்றுகிறதா என்ற கேள்வியிலேயே நாம் அதிக நேரம் செலவிட்டுவிட்டோமோ என்றும் தோன்றுகிறது. மீனுக்கு அது நேரடியாகச் செய்த மாற்றம் வேறு. சூரைக்கு இருந்த பெரிய பாதுகாப்பு, அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான். கப்பல் நாட்கணக்கில் தொலைநோக்கியும் கையுமாக அலையும். பறவைக் கூட்டத்தைத் தேடும். கண்டாலும் பாதி முறை தவறவிடும். அந்தத் தேடலில் கழிந்த ஒவ்வொரு நாளும் மீனுக்குக் கிடைத்த ஒரு நாள். இப்போது தேடுவது மிதவையின் வேலை. அது இரவும் பகலும் சம்பளம் இல்லாமல் தேடிக்கொண்டே இருக்கிறது.

இதனால் அறிவியலுக்கும் ஒரு தலைவலி. கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்பதை நேரடியாக எண்ண முடியாது. பழைய வழி, ஒரு கப்பல் ஒரு நாள் தேடினால் எத்தனை டன் கிடைக்கிறது என்று பார்ப்பது. அது குறைந்தால் மீனும் குறைகிறது என்று பொருள். மிதவை வந்ததும் ஒரு நாள் தேடல் என்ற அளவுகோலே உடைந்துபோனது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் அதன் நூற்றுக்கணக்கான மிதவைகள் வேலை செய்கின்றனவே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மீன் குறைந்தாலும் மிச்சமுள்ளவை மிதவையைச் சுற்றியே கூடும்; வலை நிறைந்துகொண்டே இருக்கும். கடைசிவரை எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும் அபாயம் இது. அதனால்தான் ஆய்வாளர்கள் இப்போது அந்த எதிரொலிக் கருவிகளின் பதிவுகளையே கேட்டு வாங்கி, கப்பலைச் சாராமல் மீன் இருப்பை அளக்க முயல்கிறார்கள்.

பயன்படுத்தி முடித்த மிதவைகள் என்ன ஆகின்றன? பெரும்பாலானவற்றை யாரும் திரும்ப எடுப்பதில்லை. மூழ்கும், அல்லது எங்காவது ஒதுங்கும். அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் மிதவைத் தடங்களை ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்று கரை ஒதுங்குவதாகக் கண்டார்கள். முன்பு சொன்ன 2025 ஆய்வின்படி 104 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் எல்லைக்குள் அவை ஒதுங்கியிருக்கின்றன. சீஷெல்ஸ், துவாலு, குக் தீவுகள், பால்மைரா பவளத்தீவு என்று பல இடங்களில். 80 மீட்டர் வால் பவளப்பாறையில் மாட்டிக்கொண்டால் ஒவ்வோர் அலைக்கும் அது முன்னும் பின்னும் இழுத்துப் பவளத்தை உடைக்கும். கயிறும் வலையும் பெரும்பாலும் நைலான், பாலிப்ரொப்பிலீன் என்பதால் மக்குவதும் இல்லை.

மக்கும் மிதவை செய்வது கேட்பதற்கு எளிது. பருத்திக் கயிறும் மூங்கிலும் போதாதா? மிதவை ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைக்க வேண்டும். வெப்பக் கடல் அதற்குள் பருத்தியைத் தின்றுவிடும். மூங்கில் நீர் குடித்து மூழ்கும். அலை தெப்பத்தை மேலே தூக்க, வால் கீழே இழுக்க, இடையில் கயிறு அறுந்துபோகும். பார்சிலோனாவின் கடல் ஆய்வாளர்கள் இதை வேறு பக்கத்திலிருந்து யோசித்தார்கள். அலை மோதும் மேற்பரப்பில் தெப்பம் எதற்கு? ஜெல்லி மீனைப் பாருங்கள்: தண்ணீரின் எடையே தன் எடை, அதனால் மேலும் கீழும் இழுபடாமல் மிதக்கிறது. மூங்கிலும் பருத்தித் துணியும் கொண்டு செய்த கட்டமைப்பை நீரின் அடர்த்திக்கே சமன்செய்து ஆழத்தில் மிதக்கவிட்டு, மேலே ஒரு சிறு மிதப்பை மட்டும் வைத்தார்கள். கயிற்றின் மேல் இழுவிசை குறைந்ததால் மெல்லிய பருத்திக் கயிறே தாங்குகிறது. ஜெல்லி ஃபேட் என்று பெயர். மூன்று பெருங்கடல்களிலும் சோதித்துவருகிறார்கள். கருவி மட்டும் இன்னும் பிளாஸ்டிக்தான்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் விதிகளும் உண்டு. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015ல் ஒரு கப்பலுக்கு 550 கருவிகள் என்று தொடங்கி, படிப்படியாக 300க்கு இறக்கியது. 2028ல் 225 என்பது இலக்கு. மேற்குப் பசிபிக்கில் வரம்பு 350. அங்கே ஆண்டில் சில வாரங்கள் மிதவையில் வலை போடவே தடை. நவ்ரு உடன்படிக்கையில் சேர்ந்த பசிபிக் தீவு நாடுகள் மிதவை இல்லாமல் பிடித்த வரிச்சூரைக்கு 2011லேயே தனிச் சான்றிதழ் வாங்கி, கூடுதல் விலைக்கு விற்கின்றன. இந்தியப் பெருங்கடலிலும் ஆண்டுக்கு 72 நாள் தடை என்று 2023 பிப்ரவரியில் மொம்பாசா கூட்டத்தில் வாக்கெடுப்பில் முடிவானது. ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல உறுப்பினர்கள் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தீர்மானம் காகிதத்தோடு நின்றது.

இந்த எண்ணிக்கை வரம்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விதி எண்ணுவது தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும் கருவிகளை. மிதவை நீரோட்டத்தில் மீன்பிடிக் களத்தைத் தாண்டிப் போய்விட்டால், அதைத் துரத்திப் போவது எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாது. வைத்திருந்தால் கணக்கில் ஓர் எண் வீண். ஆகவே தொலைவிலிருந்தே அந்தக் கருவியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு புதிய மிதவையைக் களத்தில் இறக்குவார்கள். கணக்கு சரியாக இருக்கும். இணைப்பு அறுந்த மிதவையோ அதே மூங்கில், அதே வால், கீழே அதே கிளாத்தி, சுறா, சூரைக் கூட்டத்தோடு, யார் திரையிலும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.